போர்மா, பிரீசர், பம்பு: சிறு தொழிலுக்கு எரிசக்தித் தணிக்கை என்றால் என்ன?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, அதன் பின்னால் மாவு பிசையும் அறை, அதற்கும் பின்னால் போர்மா, அதாவது ரொட்டி வேகவைக்கும் விறகு அடுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோளில் பையும் கையில் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டருமாக ஒருவர் வந்து எங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்தார். அதைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரர் தன் வாசலில் தொங்கிய சீரியல் விளக்கின் வயரை அவசரமாகப் பிடுங்கினார். பிறகு மெல்ல என்னருகில் வந்து, “என்ன மக்கா, ஈபியில் இருந்து ஸ்குவாடு வந்திருக்கிறதா?” என்று கேட்டார்.

வந்தவர் மின்வாரியத்துக்காரர் இல்லை. நாங்களே கட்டணம் பேசி வரவழைத்த எரிசக்தித் தணிக்கையாளர். ஆனால் பக்கத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே வருமான வரி, அபராதம், சீல் வைப்பு என்றுதான் நம் மனம் ஓடுகிறது. எரிசக்தித் தணிக்கை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் அறிக்கை உங்கள் கையில் வந்து சேரும். அதில் சொன்னதைச் செய்வதும் செய்யாமல் விடுவதும் உங்கள் விருப்பம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருப்பது, அரசு பட்டியலிட்ட பெரிய நுகர்வோருக்குத்தான். பேக்கரிக்கும் லேத் பட்டறைக்கும் யாரும் ஆணை அனுப்பப் போவதில்லை.

அதே சட்டம் தணிக்கைக்குத் தரும் விளக்கத்தைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒரு இடத்தில் எரிசக்தி எங்கே, எவ்வளவு, எப்போது செலவாகிறது என்று அளப்பது, அளந்ததை ஆராய்வது, குறைக்கும் வழிகளை, ஆகும் செலவும் மிச்சமாகும் பணமும் சேர்த்து, எழுதிக் கொடுப்பது. இந்த மூன்றில் அளப்பதுதான் உயிர். அளக்காமல் ஆலோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மளிகைக் கடையில் சாமான் வாங்கி, அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று எதுவும் எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் சண்டைக்குப் போவோம். மின்கட்டணப் பில்லை மட்டும் அப்படியே வாங்கிக் கட்டுகிறோம். பிரீசர், மாவு பிசையும் இயந்திரம், விளக்கு, பம்பு எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரே எண் வருகிறது. அந்த எண்ணைப் பிரித்து, எந்தப் பொருள் எவ்வளவு தின்றது என்ற பட்டியலாக்கித் தருவதுதான் தணிக்கையாளரின் முதல் வேலை.

எங்கள் கடையில் எல்லோருடைய சந்தேகமும் விளக்குகள் மேல்தான் இருந்தது. சித்தப்பா எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றியும் பில் குறையவில்லை என்ற கோபத்தில் இருந்தார். கண்ணுக்குத் தெரிவது விளக்கு என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது. தணிக்கையாளர் விளக்குகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வந்ததும் கேட்டது மூன்று விஷயங்கள்: ஓராண்டின் மின்கட்டண விவரம், விறகு வாங்கிய கணக்கு, மாதம் எத்தனை மூட்டை மைதா ஓடுகிறது என்ற கணக்கு.

விறகுக் கணக்கு எதற்கு? எரிசக்தி என்றால் மின்சாரம் மட்டும் இல்லை. விறகு, சமையல் எரிவாயு, ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் எல்லாமே அதற்குள் வரும். இவற்றை ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். அந்தக் கணக்கில் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 240 யூனிட் அளவு வெப்பம் அடங்கியிருக்கிறது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட். எங்கள் கடையில் ஒரு நாளைக்கு 60 யூனிட் மின்சாரமும் 100 கிலோ விறகும் போகின்றன. அதாவது 60 யூனிட்டைப் பற்றி வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டு, பின்பக்கத்தில் 400 யூனிட் எரிவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விறகு மலிவுதான். ஆனால் அதை ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்தால் அவ்வளவு மலிவில்லை.

மைதாக் கணக்கு கேட்டதற்குக் காரணம் இன்னும் சுவையானது. குமரி மாவட்டத்தில் பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் என்றால் கேக் மாதம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரம் போர்மா அணைவதே இல்லை. அந்தப் பில்லைப் பார்த்துச் சித்தப்பா ஆண்டுதோறும் தலையில் கை வைப்பார். தணிக்கையாளர் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார். சாதாரணமான இரண்டு மாதத்தில் 3,600 யூனிட்டுக்கு 4,500 கிலோ மைதா, கிலோவுக்கு 0.8 யூனிட். கேக் காலத்தில் 4,900 யூனிட்டுக்கு 7,000 கிலோ, கிலோவுக்கு 0.7 யூனிட். பில் அதிகம் வந்த அந்தக் காலத்தில்தான் கடை சிக்கனமாக ஓடியிருக்கிறது! வேலை குறைந்த மாதங்களில் இயந்திரங்கள் சும்மா ஓடித் தின்றிருக்கின்றன. செய்யும் பொருளின் அளவோடு சேர்த்துப் பார்க்காத மின்கணக்கு இப்படித்தான் ஏமாற்றும். உங்கள் தொழில் எதுவானாலும் இந்த ஒரு வகுத்தல் கணக்கை மட்டுமாவது போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ முந்திரிப் பருப்புக்கு எத்தனை யூனிட், ஒரு ஐஸ் பாருக்கு எத்தனை யூனிட், லாட்ஜில் ஆள் தங்கிய ஒரு அறைக்கு ஒரு இரவு எத்தனை யூனிட்.

பிறகு அவர் பிரீசர்களின் பின்னால் போனார். நான்கு பிரீசர்கள், போர்மா அறைச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. முதல் பிரீசரின் பின்பக்கத் தகட்டை நீக்கி டார்ச் அடித்தபோது கண்டன்சரே தெரியவில்லை. மைதாத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து, வெளிறிய அடைபோல அப்பியிருந்தது. பிரீசர் உள்ளே இருந்து எடுக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அந்தக் கண்டன்சர் வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் 50 நிமிடம் ஓடியது. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சுவரில் இருந்து ஒரு சாண் நகர்த்தி வைத்து, மறுநாள் மீண்டும் பார்த்தபோது 35 நிமிடம் ஓடியது.

கணக்கு எளிது. 350 வாட் கம்ப்ரசர் மணிக்கு 50 நிமிடம் ஓடினால் நாளுக்கு 7 யூனிட். 35 நிமிடம் ஓடினால் 4.9 யூனிட். வித்தியாசம் 2.1. நான்கு பிரீசருக்கு 8.4 யூனிட். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,000 ரூபாய். செலவு ஒரு பிரஷ்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரீசரைத் துடைக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். வாங்கியபோதே கடைக்காரர் சொன்னார். ஆனால் துடைக்காமல் விட்டால் 4,000 ரூபாய் போகும் என்று யாரும் சொல்லவில்லை. தொகை தெரிந்த பிறகு மாதம் ஒரு முறை சித்தப்பாவே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போகிறார்.

தணிக்கைக்கு முன்பே, ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கடையடைத்ததும் மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் மீண்டும் குறியுங்கள். எங்களுக்கு இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 11 யூனிட் ஓடியிருந்தது. பிரீசர்களுக்கு 8 யூனிட் போகட்டும், கேமராவுக்கும் வாசல் விளக்குக்கும் அரை யூனிட் போகட்டும். மீதி இரண்டரை யூனிட்டைத் தின்றது யார்? தேடிப் போனபோது பின்பக்கக் கழிவறை பிளஷ் தொட்டியில் வால்வு தேய்ந்து தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்துகொண்டிருந்தது. மாடித் தொட்டி இறங்கும், தானியங்கிக் கருவி பம்பை ஓட்டும், தொட்டி நிரம்பும், மீண்டும் இறங்கும். இரவு முழுக்க இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ரப்பர் வாஷரோடு சேர்த்து வால்வை மாற்றியதில் அது நின்றது.

போர்மாவில் கிடைத்த மிச்சம் வேறு வகை. கதவைச் சுற்றி இருந்த இடைவெளியில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி, எங்கே சூடு வெளியேறுகிறது என்று குறித்துக்கொண்டார். அதைவிட முக்கியமாக, வேலை வரிசையைக் கேட்டார். காலை பிரெட் வெந்த பிறகு இரண்டு மணி நேரம் போர்மா சும்மா ஆறும். அப்புறம் பன்னுக்காக மீண்டும் விறகு போட்டுச் சூடேற்றுவோம். ஆட்கள் டீ குடித்துவிட்டு வரும் வழக்கத்தால் வந்த இடைவெளி, அவ்வளவுதான். அதிகச் சூடு கேட்கும் சரக்கை முதலில் ஏற்றி, அந்தச் சூடு இறங்க இறங்க பன், அதற்கடுத்து ரஸ்க் என்று ஒரே ஓட்டமாக மாற்றச் சொன்னார். பழைய போர்மாக்காரர்கள் இதைத்தான் செய்துவந்தார்கள் என்று சித்தப்பா முனகினார். ஈர விறகையும் கவனிக்கச் சொன்னார். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை கொட்டும். வெட்டிய ரப்பர் மரத்தை அப்படியே வெளியில் குவித்து வைத்தால், விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தகரக் கொட்டகை போட்டு, ஒரு மாதமாவது காயவைத்து எரித்தால் புகையும் குறையும்.

மற்ற தொழில்களில் என்ன பார்ப்பார்கள்?

முந்திரி ஆலை என்றால் அழுத்தக் காற்று. தோல் உரிக்கும் இயந்திரங்களுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் இருக்கும் இடத்தில் கசிவு இல்லாமல் இருப்பது அபூர்வம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் காற்று எடுக்கும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை; ஆகவே அது ஏறி நிரப்பும் ஒவ்வொரு முறையும் கசிவை நிரப்புவதற்காகத்தான். 2 நிமிடம் காற்றை ஏற்றி, 6 நிமிடம் சும்மா இருக்கிறது என்றால் எட்டில் இரண்டு பங்கு, அதாவது 25 சதவீதம் கசிவு. 10 குதிரைத்திறன் கம்ப்ரசரில் இது மணிக்குக் கிட்டத்தட்ட 2 யூனிட். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே பணம் போகிறது. காற்றழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி வைப்பதும் வீண்தான். அழுத்தத்தை ஒரு பார் (காற்றழுத்தம் அளக்கும் அலகு) குறைத்தாலே 6, 7 சதவீத மின்சாரம் மிச்சமாகும்.

கன்னியாகுமரி லாட்ஜ்களில் உப்புக் காற்று ஏசியின் வெளிப்பெட்டித் தகடுகளை அரித்துத் தின்றுவிடுகிறது. பிரீசரில் சொன்ன அதே கதைதான். ஐஸ் ஆலைகளின் சிக்கல் கொஞ்சம் வித்தியாசமானது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்! அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் மட்டும் போவதால் ஐஸ் தேவை சரிந்துவிடும். ஆனால் ஒப்பந்த மின்சுமைக்கு, அதாவது மின்வாரியத்திடம் கேட்டு வாங்கி வைத்த அளவுக்கு ஏற்ற நிலைக்கட்டணம் ஐஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும். தணிக்கையாளர் ஆண்டு முழுவதற்குமான பில்லைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதோ தேவைப்பட்ட பெரிய சுமையை வாங்கி வைத்து, அதில் பாதியைக்கூடத் தொடாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். சுமையைக் குறைத்து விண்ணப்பித்தால் இயந்திரம் எதையும் மாற்றாமலே பில் இறங்கும். அளவு மீறிக் குறைத்துவிட்டு, பிறகு தாண்டினால் அபராதம் உண்டு; அதனால்தான் அளந்து பார்த்துவிட்டுக் குறைக்க வேண்டும்.

மோட்டார் அதிகம் உள்ள இடங்களில் ‘பவர் ஃபேக்டர்’ என்ற சொல் வரும். இதைக் கேட்டதும் பலர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நேந்திரங்குலையை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் குலையைத் தண்டோடு தூக்கிப் போட்டுத்தான் எடை பார்க்கிறோம். தோளில் சுமப்பது முழுக் குலையை. சிப்ஸ் போடுவது காயை மட்டும். மின்கம்பி சுமந்து வருவது குலை, உங்கள் வேலைக்கு ஆவது காய். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். தண்டு பெருத்தால் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் வீணாகச் சூடேறும். தாழ்வழுத்த இணைப்பில் 18.6 கிலோவாட், அதாவது 25 குதிரைத்திறனுக்கு மேல் சுமை உள்ள தொழில்களில் இது 0.85க்குக் கீழே போனால் பில்லில் தண்டத் தொகை சேரும். சரியான அளவு கெப்பாசிட்டர் போட்டால் தீரும். ‘இதைச் சொருகினால் பில் பாதியாகும்’ என்று விற்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டி இதுவல்ல. அந்தப் பெட்டியால் வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஒரு பயனும் கிடையாது.

யாரை அழைப்பது, எவ்வளவு ஆகும்?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. சான்று பெற்ற தணிக்கையாளரா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறேன் என்று வருபவர் சோலார் பலகையோ மோட்டாரோ விற்பவராக இருந்தால், அவருடைய அறிக்கை எங்கே போய் முடியும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. எனக்குச் சோலார் மேல் பகை இல்லை. முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படி இருக்கவும் முடியாது. ஆனால் ஓட்டைப் பானையை நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டு அண்டா வாங்கக் கூடாது. முதலில் வீணைக் குறைத்துவிட்டால், வாங்கும் சோலாரும் சிறிதாகும்.

தணிக்கையில் இரண்டு வகை உண்டு. ஒரு நாளில் சுற்றிப் பார்த்து, பில்களைப் படித்து, கண்ணில் படுவதை எழுதித் தருவது மேலோட்டமான தணிக்கை. விரிவான தணிக்கையில் மின்பலகையில் பதிவுக் கருவியை மாட்டி ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை விட்டுவைப்பார்கள். கொதிகலன் இருந்தால் புகையைச் சோதிப்பார்கள். பேக்கரி, சிறு பட்டறை போன்றவற்றுக்கு முதல் வகையே போதும் என்பது என் எண்ணம். இரண்டு ஃபேனும் ஒரு பிரிட்ஜும் உள்ள டீக்கடைக்கு அதுவும் வேண்டாம். மேலே சொன்ன இரவு மீட்டர் சோதனையும் ஒரு பிரஷ்ஷும் போதும். ஐஸ் ஆலை, முந்திரி ஆலை, குளிர்பதனக் கிடங்கு என்றால் விரிவானதற்கே போங்கள்.

கட்டணத்தை முழுதாக நீங்களே சுமக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையில் ‘பீஸ்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. தணிக்கைச் செலவில் ஒரு பங்கையும், அறிக்கை சொன்னபடி மாற்றும் இயந்திரச் செலவில் ஒரு பங்கையும் திருப்பித் தருகிறார்கள். நமக்கு அலுவலகம் நாகர்கோவில் கோணத்தில், தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள மாவட்டத் தொழில் மையம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு, தணிக்கையாளருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள். யார் செய்த தணிக்கையை ஏற்பார்கள், எந்தத் தொழில்கள் இதற்குள் வரும், இப்போது எத்தனை சதவீதம், என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் பிறகு அலைய வேண்டியதில்லை.

அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்து அட்டவணையை முதலில் பாருங்கள். ஒவ்வொரு யோசனைக்கும் செலவு, ஆண்டு மிச்சம், போட்ட பணம் திரும்ப எத்தனை காலம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் ஃபேன் பற்றிய வரி ஒன்று இருந்தது. 75 வாட் பழைய ஃபேன் பத்தையும் 30 வாட் புது ஃபேன்களாக மாற்றினால், நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் 1,620 யூனிட் மிச்சம். 8 ரூபாய் வீதம் 12,960 ரூபாய். பத்து ஃபேனுக்கு 30,000 ரூபாய் ஆகும் என்றால், பணம் திரும்ப இரண்டு ஆண்டும் நான்கு மாதமும். நல்ல யோசனைதான், ஆனால் அவசரமில்லை. பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று சித்தப்பா முடிவு செய்தார். அந்த 12 மணி நேரம் என்பது அளந்ததா, அவர் ஊகித்ததா என்றும் கேட்டோம். ஊகம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நல்ல தணிக்கையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பிரீசர், பம்பு, வேலை வரிசை மூன்றும் அந்த வாரமே நடந்துவிட்டன. போர்மாக் கதவு மட்டும் பாக்கி. அதைக் கட்டத் தெரிந்த கொத்தனார் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருக்கிறார். போன மாதம் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். போர்மாவை மூன்று நாள் முழுதாக ஆறவிட வேண்டும் என்கிறார். கேக் ஆர்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு இப்போது வழியில்லை. ஜனவரியில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.